ராணி தலை போட்ட ஜாடி

11-1-1997, சனி

காலையில் ஜாக்குலின் ஷோகேஸைத் துடைத்துக்கொண்டே சத்தமாக எண்ணினாள். வெள்ளி மூடி போட்ட கண்ணாடிச் சாமான் பதினாலு. ஊறுகாய் ஜாடி, மைக்கூடு, அத்தர் குப்பி, மிளகுத்தூள் சீசா - எல்லாம் விக்டோரியா ராணி காலத்தில் துரைமார் வீட்டு மேஜையில் இருந்தவை.

"நம்ம வூட்டு ஊறுகா பிளாஸ்டிக் டப்பாவுல கீது. ஊறுகா ஜாடி காலியா ஷோகேஸ்ல கீது" என்றாள். செங்கல்பட்டு ரயில்வே காலனியில் வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சுத்தமாகத் தமிழ் சொல்லிக் கொடுப்பாள். கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு தானாக வந்துவிடும்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பகலெல்லாம் ஆய்வு மையத்தில் விஞ்ஞானிகளுக்குக் குழாயும் குடுவையும் ஊதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற புருஷனை யாருக்குப் பிடிக்கும்.

நாளை மறுநாள் போகி. ஊரே பழையதைக் கழிக்கிற நேரம். மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறி முனிசாமியின் பழைய சாமான் கடைக்குப் போனேன். செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினான். பெரிய ஒயின் ஜாடியின் வெள்ளிப் பாகம் மட்டும். கழுத்துப் பட்டை, மூக்கு, மூடி, கைப்பிடி எல்லாம் ஒட்டியிருக்கிறது. ஜாடியைத்தான் காணோம்.

"இன்னா சார், நேத்து வந்திருக்கக் கூடாதா? சதுரங்கப்பட்டணத்து ஆளு ஒர்த்தரு முழுசா எடுத்துகினு வந்தாரு. வெள்ளி இன்னா எடைன்னு கேட்டேன். அதுக்குள்ள அவரே கல்லுல ஒரு தட்டு தட்டிட்டாரு. நான் இன்னா பண்றது?"

வெள்ளி வாங்குகிற இடத்தில் எல்லாம் இதுதான் வழக்கம். கண்ணாடியும் சேர்ந்து எடை காட்டிவிடக் கூடாதாம், முதலில் தட்டிவிடுவார்கள். நூறு வருஷம் உடையாமல் கப்பலில் வந்து, பங்களாவில் இருந்து, கடைசியில் ஒரு தராசுக்குப் பயந்து உடைந்திருக்கிறது. கழுத்துப் பட்டைக்குள் ஒட்டியிருந்த சில்லு என் விரலைக் கிழித்துவிட்டது.

வாங்கிவிட்டேன்.

12-1-97, ஞாயிறு

பிரசங்கம் முழுக்க அந்தக் கழுத்தின் விட்டம் எவ்வளவு இருக்கும் என்ற யோசனை. ஆண்டவர் மன்னிப்பாராக. வீட்டுக்கு வந்து அளந்தேன். அறுபத்திரண்டு மில்லிமீட்டர்.

25-1-97, சனி

எங்கள் ஆய்வு மையத்தில் வேலை பார்த்து விலகிய நண்பர் ஒருவர் கூடுவாஞ்சேரியில் ஆய்வுக்கூடக் கண்ணாடிப் பட்டறை வைத்திருக்கிறார். சனிக்கிழமை மத்தியானம் கண்ணாடியைச் சுழற்றிக் கொடுக்கிற அவருடைய லேத் சும்மா கிடக்கும். கேட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

அந்தக் காலத்து ஜாடிகள் ஈயம் கலந்த கண்ணாடி. கனமாக இருக்கும். சுண்டினால் மணி மாதிரி நீளமாகப் பேசும். வெந்நீர் பட்டால் போச்சு. எனக்குக் கிடைப்பது ஆய்வுக்கூடக் கண்ணாடி. லேசு. சுண்டினால் 'டக்' என்று சொல்லி வாயை மூடிக்கொள்ளும். ஆனால் அடுப்பில் வைத்தாலும் அசையாது.

முதல் ஜாடி வயிறு சரிந்துபோனது. இரண்டாவது கழுத்து பெருத்துவிட்டது. மூன்றாவதை ஊதி நிறுத்தி, தீயை அணைத்துவிட்டுப் பார்த்தேன். அடிவயிற்றிலிருந்து கழுத்துக்கு ஏறுகிற அந்த வளைவு - நானா ஊதினேன்? இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாடி ஊதுகிறேன். அழகுக்காக ஊதியது இதுதான் முதல் தடவை.

1-2-97, சனி

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் குழைத்து வெள்ளிக் கழுத்தை ஏற்றினேன். அச்சாகப் பொருந்திவிட்டது. ஜாக்குலின் ஈரக் கையோடு வந்து பார்த்தாள். "நீங்களா செஞ்சீங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள். இரண்டாவது தடவை கேட்டது இன்னும் நன்றாக இருந்தது.

ஷோகேஸில் நடுத் தட்டு.

16-2-97, ஞாயிறு

செங்கல்பட்டிலிருந்து ராமானுஜம் சார் வந்தார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்திமூன்று வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஜில்லாவில் வெள்ளி மூடிக் கண்ணாடி சேர்க்கிற பைத்தியம் எனக்குத் தெரிந்து இரண்டுதான் - அவர் ஒன்று, நான் ஒன்று. எந்தப் பொருளைக் கொடுத்தாலும் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து முதலில் முத்திரையைத்தான் தேடுவார். கண்ணாடியைப் பார்க்கவே மாட்டார். அதில் எனக்கு எப்போதும் ஒரு மனக்குறை.

இன்று ஜாடியைக் கண்டதும் உட்காரக்கூட இல்லை.

"பாருங்க சார், நடக்குற சிங்கம். சுத்த வெள்ளி. இது சிறுத்தை தலை, லண்டன். இது ராணி தலை, வரி கட்டியாச்சுன்னு அர்த்தம். நம்ம ஸ்டாம்ப் டியூட்டி மாதிரிதான். வருஷ எழுத்து... ஆயிரத்து எண்ணூத்தி எண்பத்தொண்ணு! எங்க புடிச்சீங்க இத?"

கையில் தூக்கினார். "இன்னா லேசு பாருங்க! அந்தக் காலத்து வேலைன்னா வேலதான்."

வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ஜாக்குலின் சமையலறையிலிருந்து முறுக்கும் காபியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மூடிக்கொண்டேன். காபி முடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். முடிந்தது. ஒரு மணி நேரம் அவர் ஜாடியைப் புகழ்ந்தார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

17-2-97

சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை? என் கண்ணாடி பாஸாகிவிட்டது என்ற திமிர். வேறு ஒன்றும் இல்லை.

10-3-97, திங்கள்

நாகர்கோவிலில் அண்ணன் கட்டிய புது வீட்டுப் பிரதிஷ்டைக்குப் போய் ஐந்து நாள் கழித்து இன்று காலை வந்து இறங்கினேன். ஷோகேஸில் ஜாடி இல்லை. அந்த இடத்தில் சிவப்புக் குப்பி.

ராமானுஜம் சாருடைய சிவப்புக் கண்ணாடிக் குப்பி! இரண்டு முனையிலும் வெள்ளி மூடி. ஒரு பக்கம் அத்தர், இன்னொரு பக்கம் மயக்கம் தெளிய முகர்கிற உப்பு. துரைசானிகள் கைப்பையில் வைத்திருந்தது. நாலு வருஷமாக அதைக் கேட்டு நான் அவர் பின்னால் அலைகிறேன்.

"நேத்து வந்தாரு. ஜாடியையே பாத்துகினு நின்னாரு. இதக் குடுத்தா குப்பியத் தர்றேன்னாரு. ஜாடி நீங்க ஊதுனதுதானே, இன்னொண்ணு ஊதிக்கலாம்னு குடுத்துட்டேன்" என்றாள் ஜாக்குலின். முகத்தில் அவ்வளவு பெருமை.

"நான் ஊதினதுன்னு அவருக்குத் தெரியாதுடி!"

"தெரியாதா? ஒரு மணி நேரம் அத வச்சிகினு பேசுனீங்களே, அப்ப இன்னாதான் பேசுனீங்க?"

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நான் அவர ஏமாத்திட்டேனா? இப்பவே போன் பண்ணுங்க" என்றாள். இது போனில் சொல்கிற விஷயமா, நேரில் போய்ச் சொல்கிறேன் என்றேன். குப்பியை எடுத்துத் துணிகளுக்கு நடுவே பீரோவில் வைத்தேன். வைக்கும்போது இரண்டு தடவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன் - எழுதாமல் விட்டால் அதுவும் பொய்தான்.

15-3-97, சனி

செங்கல்பட்டு போனேன். சொல்லவில்லை.

புதிதாகக் கண்ணாடி அலமாரி செய்து, உள்ளே பல்பு போட்டு, மேல் தட்டில் ஜாடியைத் தனியாக வைத்திருக்கிறார். பக்கத்தில் டைப் அடித்த அட்டை: லண்டன், 1881. நான் போன நேரம் பல்பைப் போட்டுக் காட்டினார். அணைத்தார். மறுபடியும் போட்டார்.

மெட்ராஸிலிருந்து பழம்பொருள் சேர்க்கிறவர்கள் ஐந்து பேர் ஏப்ரல் ஆறாம் தேதி வருகிறார்களாம், இதைப் பார்க்கவென்றே.

"முப்பத்திமூணு வருஷம் பத்திரத்துல முத்திர குத்தினேன். ஒர்த்தனாவது என்னைப் பாக்கணும்னு வூட்டுக்கு வந்தானா? இப்ப வர்றாங்க சார்" என்றார். கண் கலங்கியிருந்தது.

அவர் மனைவி அம்சா அம்மா சொஜ்ஜி கொடுத்தார்கள். "வூடு பூரா ஜாடி, ஜாடிதான் தம்பி. நாலு பேரு வந்தா மோர் ஊத்த ஒரு பாத்திரம் இல்ல" என்றார்கள். இரண்டு கிண்ணம் சொஜ்ஜி தின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அவமானத்திலும் எனக்குப் பசி குறைவதில்லை.

18-3-97, செவ்வாய்

'சார், ஒரு சின்ன விஷயம்.' சின்ன விஷயமா இது? 'சார், ஒரு பெரிய விஷயம்.' அவருக்கு நெஞ்சு வலி வந்துவிடும். 'சார், ஒரு தமாஷ் கேளுங்க -' சீ.

21-3-97, வெள்ளி

ஜாக்குலின் என்னோடு பேச்சைக் குறைத்துவிட்டாள். இன்று சாப்பாடு போடும்போது சொன்னாள்: "தவக்காலத்துல கறி தின்னாம இருந்தா போதுமா? மனுசன ஏமாத்தாம இருக்க வாணாமா? அந்த அஞ்சு பேரு வந்து, சுண்டிப் பாத்துட்டு, அவரு மூஞ்சியப் பாத்துச் சிரிப்பாங்க. அப்ப நீங்க எங்க நிப்பீங்க?"

இதைத்தான் பத்து நாளாக நானும் யோசிக்காமல் இருக்கப் பாடுபடுகிறேன். அவர் வீட்டில், அவர் போட்ட பல்புக்குக் கீழே, அவர் எதிரிலேயே ஐந்து பேர் சிரிப்பார்கள். இனிமேலும் தள்ளக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் நேரே செங்கல்பட்டு. குப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முதலிலிருந்து சொல்லிவிடுவேன். முடிவு.

23-3-97, குருத்தோலை ஞாயிறு

குருத்தோலையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, குப்பியைக் கைக்குட்டையில் சுற்றி டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனதில் பக்கத்து ஆள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

ராமானுஜம் சார் சட்டை போடாமல் சாய்வு நாற்காலியில் கிடந்தார். வாங்க என்று சொல்லவில்லை. ஜாடி சாப்பாட்டு மேஜைமேல் இருந்தது. வெள்ளி மூடி கறுத்திருந்தது. உள்ளே அடியில் நாலு கொத்தமல்லி இலை, ஒரு தக்காளித் தோல்.

"நேத்து திருக்கழுக்குன்றத்துலேந்து சம்பந்தி வூட்டுக்காரங்க ஏழு பேரு திடீர்னு வந்துட்டாங்க" என்றார். குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வந்தது. "நான் ஜாடியத் தொடச்சு வெளிய வச்சுட்டு வெத்தல வாங்கப் போனேன். திரும்பி வந்தா பந்தி நடக்குது. அம்சா இதுல ரசத்த ஊத்திகினு வந்து பரிமார்றா. அடுப்புலேந்து எறக்குன ரசம் சார். கொதிக்குது. போன வருஷம் வெந்நீர்ல கழுவுனதுக்கே என் மைக்கூடு ரெண்டாப் போச்சு. அதான் கண்ண மூடிக்கினேன். இப்ப ஒடையும், இப்ப ஒடையும்னு."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒடையல. ரெண்டாவது தடவ ஊத்தினா. ஒடையல. ஒடஞ்சிருந்தா அழுதிருப்பேன். ஒடையலன்னு உக்காந்து அழுதுகினு கீறேன் சார்."

டிபன் டப்பாவைத் திறந்து குப்பியை வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். முனிசாமி கடை, கூடுவாஞ்சேரி, பிளாஸ்டர், காபி. ஒத்திகை பார்த்த ஒரு வாக்கியம்கூட வரவில்லை.

"ஒடையாததுக்கு அப்புறம் வந்து சொல்றீங்களா?" என்றார்.

இல்லை சார், இன்றைக்குச் சொல்லத்தான் கிளம்பினேன், நேற்று நடந்தது எனக்குத் தெரியாது என்றேன். என் காதுக்கே அது பச்சைப் பொய்யாகக் கேட்டது. குப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அந்த ஜாடிய எடுத்துகினு போயிடுங்க" என்றார்.

அதற்குள் அம்சா அம்மா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்கள். "அதெல்லாம் ஆவாது. சம்பந்தி வூட்டாரு கோயிலுக்குப் போயிருக்காங்க, இப்ப வந்துடுவாங்க. மத்தியானத்துக்கு ரசம் இதுலதான். சாப்பாட்டு நேரத்துல பாத்திரத்தத் தூக்கிக் குடுப்பாங்களா?" என்று ஜாடியைக் கையோடு உள்ளே கொண்டுபோனார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. அழ வசதியாக இருந்தது.

30-3-97, ஈஸ்டர்

ஜாக்குலின் கேக் செய்து செங்கல்பட்டுக்கு எடுத்துப் போனாள். தான் செய்த தவறுக்குத் தானே மன்னிப்புக் கேட்டாளாம். அம்சா அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்களாம். ராமானுஜம் சார் அறையை விட்டு வெளியே வரவில்லையாம்.

6-4-97, ஞாயிறு

இன்று அந்த ஐந்து பேர் வந்திருக்க வேண்டும். உடம்பு சரியில்லை, வர வேண்டாம் என்று ராமானுஜம் சாரே கார்டு போட்டுவிட்டாராம். போன் செய்தேன். எடுத்தார். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்.

11-5-97, ஞாயிறு

அம்சா அம்மா ஜாக்குலினுக்கு போன் செய்தார்கள். ஜாடி அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். ரசம், வெந்நீர், பால் எல்லாம் அதில்தானாம். "தண்ணித்தொட்டியில ஒரு தடவ இடிச்சிட்டேன், ஒண்ணும் ஆவல. அந்த வெள்ளிதான் பேஜாரு. பெருங்காயம் பட்டா கறுத்துடுது, புளி போட்டுத் தேச்சு என் கை தேயுது. வெள்ளி இல்லாம வெறுங்கண்ணாடியா ஒண்ணு ஊதித் தரச் சொல்லும்மா."

அவர் எப்படியிருக்கிறார் என்று ஜாக்குலின் கேட்டிருக்கிறாள். "தெனம் அதுலேந்துதான் ரசம் ஊத்திக்கிறாரு. மொறச்சிகினே ஊத்திக்கிறாரு" என்று பதில்.

ரசம் ஊற்றிக்கொள்கிறார்! இதைக் கேட்டு இரண்டு பேரும் வெகு நேரம் சிரித்தோம். இந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு இரண்டு மாதம் ஆகிறது.

17-5-97, சனி

கூடுவாஞ்சேரி. கைப்பிடி வைத்த வெறுங்கண்ணாடி ஜாடி ஒன்று. நாளை ஜாக்குலின் கொண்டுபோய்க் கொடுப்பாள். நான் போகிற தைரியம் இன்னும் வரவில்லை.

17-8-97, ஞாயிறு

மத்தியானம் கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால் ராமானுஜம் சார். இரண்டு கையிலும் துணிப்பை. முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

உள்ளே வந்து பாய் விரிக்கச் சொன்னார். பைகளிலிருந்து ஒவ்வொன்றாகத் துணி பிரித்து வைத்தார். அவருடைய சாமான் மொத்தமும். பதினொன்று.

"முத்திரய மட்டும் பாத்தே இத்தினி வருஷம் வாங்கிட்டேன். கண்ணாடி எது நெஜம்னு நீங்க சொல்லுங்க. மறைக்காம சொல்லணும்."

ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பி, எடை பார்த்து, மெதுவாகச் சுண்டினேன். அவரும் காதை நீட்டிக் கேட்டார். சிவப்புக் குப்பி அசல், சந்தேகமே இல்லை. ஒரு கடுகு சீசாவும் இரண்டு மைக்கூடுகளும் மட்டும் சரியில்லை. வெள்ளி பழசு, கண்ணாடி பிற்பாடு யாரோ மாற்றியது. சொல்லவா வேண்டாமா என்று ஒரு வினாடி நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்லிவிட்டேன். மூன்றையும் தனியாக நகர்த்தி வைத்தேன்.

அந்த மூன்றையும் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார். வயிறு குலுங்க, சட்டை மேலேற. எனக்குப் பயமாகிவிட்டது.

"அப்ப உங்களுக்கு முன்னாடியே மூணு பேரு என்னை ஏமாத்தியிருக்கானுங்க. அவனுங்கள்ல ஒர்த்தன்கூட குருத்தோலை செருகிகினு வந்து சொல்லல சார். நீங்க வந்தீங்க. ஒரு நாள் லேட்டு. ஆனா வந்தீங்க."

நம்பிவிட்டார். நான் சொல்லத்தான் போனேன் என்பதை நம்பிவிட்டார். ஜாக்குலின் சமையலறை வாசலில் நின்று முந்தானையில் மூக்கைச் சிந்தினாள், வெங்காயம் என்றாள்.

கிளம்பும்போது எல்லாவற்றையும் பைக்குள் வைத்தார். நான் சிவப்புக் குப்பியைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அத மட்டும் கேக்காதீங்க" என்று சொல்லி அதையும் உள்ளே போட்டார்.

20-2-2000, ஞாயிறு

மூன்று வருஷம் கழித்து மெட்ராஸ்காரர்கள் இன்று ராமானுஜம் சார் வீட்டுக்கு வந்தார்கள். நான்கு ஆண்களும் ஒரு அம்மாளும். எங்கள் இரண்டு பேரையும் கட்டாயம் வரச் சொல்லியிருந்தார்.

அலமாரியெல்லாம் பார்த்து முடித்துச் சாப்பிட உட்கார்ந்தோம். அம்சா அம்மா ராணி தலை போட்ட ஜாடியில் ரசத்தோடு வந்தார்கள். விருந்தாளிகள் வருகிறார்களென்று வெள்ளியைத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். பட்டணத்துக்காரர் ஒருவர் பதறிப்போய் எழுந்துவிட்டார். "ஐயோ, இதுலயா சூடா ஊத்தறீங்க!" என்று பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, மூடியின் முத்திரையைப் பார்க்கக் குனிந்தார்.

ராமானுஜம் சார் ஜாடியை அவர் பக்கம் திருப்பவில்லை. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

"வெள்ளிய அப்புறம் பாருங்க. அது லண்டன், எவனோ செஞ்சது. மொதல்ல கண்ணாடியப் பாருங்க. இந்த வளைவப் பாருங்க. இதோ, உங்க பக்கத்துல உக்காந்துகினு கீறாரே, இவரு ஊதினது."

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இலையைப் பார்த்தேன். ஜாக்குலின் மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தாள், நிமிர்ந்து உட்காருங்கள் என்று அர்த்தம். அம்சா அம்மா முதல் ரசத்தை எனக்கு ஊற்றினார்கள். எல்லோரும் நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உப்பே இல்லை.

காபி முடியட்டும் என்று காத்திருக்கவில்லை. அங்கேயே, அத்தனை பேர் நடுவிலும் சொல்லிவிட்டேன்.